காலமும் இடமும் தவறிய செல்

வாயில் ஆறாத புண் என்று டாக்டரிடம் போனவருக்கு ஒரு வாரம் கழித்து பயாப்சி அறிக்கை கைக்கு வரும். அதில் கடைசி வரியைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். ‘வெல் டிஃபரன்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கல்லூரியில் படிக்கும் பிள்ளை அகராதியைப் பார்த்து, “ரொம்பவே வேறுபட்டுப் போயிருக்காம்” என்று சொல்லிவிட்டான். பாட்டி தொடங்கிப் பேத்தி வரை அழ ஆரம்பித்தார்கள். அந்த வரி சொன்னதோ அதற்கு நேர்மாறான செய்தி.

நம் வாயின் உட்தோலில், அடி வரிசையில் இருக்கும் இளம் செல்கள் பிரிந்து பெருகும். அவற்றில் ஒரு பங்கு மேலே ஏறிவரும்போது தட்டையாகி, கெராட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, ஓடு வேய்ந்ததுபோல் அடுக்காகப் படுத்து, கடைசியில் உதிர்ந்துவிடும். இளம் செல் தன் வேலைக்கேற்ற உருவத்தை இப்படி அடைவதற்குத்தான் மருத்துவத்தில் டிஃபரன்ஷியேஷன் என்று பெயர். நம் பாடநூல்கள் ‘வேறுபாடடைதல்’ என்று எழுதுகின்றன. ‘முதிர்தல்’ என்று எழுதியிருந்தால் அந்த வீட்டில் அழுகை கொஞ்சம் குறைந்திருக்கும். ‘வெல்’ என்று முன்னால் இருந்தால், அந்தப் புற்றுச் செல்லில் பிறந்த வீட்டுச் சாயல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். ‘பூர்லி’ என்று இருந்தால் சாயல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இது குடலில் பிறந்ததா நுரையீரலில் பிறந்ததா என்று பேத்தாலஜிஸ்டே திணற வேண்டியிருக்கும்.

ஆக, புற்றுச் செல் நல்ல செல்லிலிருந்து எவ்வளவு விலகியது என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரித் தாளே படிப்படியான விடையைத்தான் தருகிறது. ஆனால் பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது இரண்டு பத்தி அட்டவணை. இடப்பக்கம் நல்ல செல், வலப்பக்கம் புற்றுச் செல். நடுவே ஒரு நேர்கோடு. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் தனித்தனியே ஏறக்குறைய சரிதான். மொத்தமாகப் பார்த்தால் மனத்தில் தவறான படம் விழுகிறது. புற்றுச் செல் செய்கிற எந்தக் காரியத்தையும் ஏதாவதொரு நல்ல செல், நம் உடம்பின் ஏதாவதொரு மூலையில், வாழ்நாளின் ஏதாவதொரு கட்டத்தில் செய்துகொண்டோ செய்து முடித்தோ இருக்கிறது. புற்று என்ற நம் சொல்லைக் கேட்டால் எங்கிருந்தோ வந்து வீட்டுச் சுவரில் ஏறிய கறையான்தான் நினைவுக்கு வருகிறது. இந்த நோயில் அப்படி வெளியே இருந்து வந்தவர் யாரும் இல்லை. பழைய திறமைகளே காலமும் இடமும் தவறி வெளிப்படுகின்றன. நூறாண்டு ஆராய்ச்சியைப் புரட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துவிடுவோம். பேத்தாலஜிஸ்ட் பார்க்கும் கண்ணாடிச் சில்லில் செல்லின் உட்கரு நீலமாகவும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகவும் சாயமேறியிருக்கும். நல்ல திசுவில் உட்கருக்கள் ஒரே அளவில், தறியில் நெய்ததுபோல் வரிசையாக இருக்கும். புற்றில் உட்கரு பெருத்து, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். கறுத்து, ஓரம் நெளிந்து, பக்கத்துச் செல்லோடு அளவு பொருந்தாமல் நிற்கும். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு முனைகளுக்கு இழுபடுவது வழக்கம். புற்றில் சில சமயம் மூன்று முனைகளுக்கு இழுபடும். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களை எடுத்துப் பார்த்தே புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928இல் சொன்னது இந்த அடையாளங்களை நம்பித்தான். இன்றைய பாப் ஸ்மியர் அவர் பெயரின் சுருக்கம்.

ஆனால் இவற்றில் ஒன்றுகூடத் தனியாகச் சாட்சி சொல்லாது. ஈரல் செல்களில் பலவற்றுக்கு இயல்பாகவே குரோமோசோம் இரட்டிப்பாக இருக்கும். புண் ஆறிவரும் இடத்தில் செல்களின் உட்கரு பெருத்துத்தான் இருக்கும். அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட் தனிச் செல்லைவிடத் தெருவைப் பார்ப்பார் என்று சொல்லலாம். உட்தோலுக்குக் கீழே அடிச்சவ்வு என்று ஒரு மெல்லிய படலம் உண்டு. மாறிப்போன செல்கள் அதற்கு மேலேயே நின்றால் ‘இன் சிட்டு’, அதை ஓட்டை போட்டுக் கீழே இறங்கிவிட்டால் புற்று. எல்லை தாண்டுவதுதான் குற்றம். அந்த எல்லையைக்கூட வெள்ளையணுக்கள் தினமும் தாண்டுகின்றன.

‘புற்றுச் செல் வேகமாகப் பெருகும்’ என்பது அடுத்து வரும் நம்பிக்கை. உடம்பிலேயே அதிவேகத் தொழிற்சாலை எலும்பு மஜ்ஜைதான். வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களை அது உண்டாக்குகிறது. சிறுகுடலின் உட்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிறது. இந்த வேகத்தோடு ஒப்பிட்டால் மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ வரும் பல கட்டிகள் சோம்பேறிகள். ஒரு செல் 30 முறை இரட்டித்தால் ஏறக்குறைய 100 கோடி செல்கள் ஆகும். பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய கட்டிக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு அது. அந்த நிலைக்கு வரப் பல புற்றுகள் வருடக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. குடலில் பிறப்பதும் உதிர்வதும் சமமாக இருப்பதால் குடல் வீங்குவதில்லை. புற்றில் வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை இல்லை.

அந்தக் கணக்குப்பிள்ளை யார் என்பது கோழியிலிருந்து தெரிந்தது. 1911இல் நியூயார்க்கில் பேட்டன் ரௌஸ், கோழியின் சதைக்கட்டியை அரைத்து, செல் எதுவும் போக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை இன்னொரு கோழிக்கு ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. வைரஸ் ஒன்று புற்றைக் கொண்டுவருகிறது என்று அவர் சொன்னதை உலகம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. நோபல் பரிசு கிடைத்தபோது வருடம் 1966. புற்று வெளியிலிருந்து வருவது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று அப்போது தோன்றியிருக்கும். பத்தே வருடத்தில் கதை தலைகீழானது. அந்த வைரஸில் கட்டியை உண்டாக்கும் மரபணுவை மைக்கேல் பிஷப்பும் ஹரால்டு வார்மஸும் தேடிப் போனார்கள். ‘சார்க்’ என்று பெயர் வைக்கப்பட்ட அந்த மரபணு நல்ல கோழியின் செல்லிலேயே இருந்தது. மற்றப் பறவைகளிலும் இருந்தது; மனிதனிலும் இருப்பது பிறகு தெரிந்தது. வைரஸ்தான் எப்போதோ கோழியிடமிருந்து அதைத் திருடிக்கொண்டு போயிருந்தது! 1976இல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு, புற்றின் விதை நம் மரபணுத் தொகுப்புக்கு உள்ளேயே, அன்றாட வேலை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது மறுக்க முடியாததாயிற்று.

1982இல் மனித சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து பிடித்த ‘ராஸ்’ மரபணு இன்னும் திகைக்க வைத்தது. நல்ல ராஸுக்கும் புற்று ராஸுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். வயல் வரப்பில் மடைப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆற்று முறை வரும்போது பலகையைத் தூக்குவார்கள். வயல் நிறைந்ததும் இறக்குவார்கள். ராஸ் என்ற புரதம் அப்படி ஒரு பலகை. வெளியிலிருந்து ‘பெருகு’ என்ற செய்தி வந்தால் திறக்கும், சற்று நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். அந்த ஓர் எழுத்துப் பிழையால் பலகை தூக்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. முறை முடிந்தது என்று யார் கூவினாலும் அதற்குக் கேட்காது.

மடை இறுகினால் காவல்காரர் ஓடி வருவார். ஆர்பி, பி53 என்ற இரண்டு மரபணுக்கள் அந்தக் காவலில் முக்கியமானவை. ஆல்ஃபிரட் நூட்சன் 1971இல் குழந்தைகளின் விழித்திரைப் புற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்து, நோய் வருவதற்கு இரண்டு அடி விழ வேண்டும் என்றார். காவல் மரபணு நமக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதி இருக்கிறது. இரண்டும் போனால்தான் காவல் போகும். ஒன்று பிறவியிலேயே கெட்டுப்போன குழந்தைகளுக்கு இரண்டு கண்ணிலும் சிறு வயதிலேயே கட்டி வருவது இதனால்தான். பி53 இன்னும் பெரிய அதிகாரி. டி.என்.ஏ. அடிபட்டால் செல்லை நிறுத்திப் பழுதுபார்க்க வைக்கும். பழுது பெரிதென்றால் செல்லைத் தானாகச் சாக வைக்கும். மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டிருக்கிறது. நமக்கு ஒரு ஜோடிதான். யானைக்கு ஏறக்குறைய 20 ஜோடி இருப்பதை 2015இல் கண்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பில் எத்தனையோ மடங்கு செல் இருந்தும் யானைக்குப் புற்று அரிதாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தானாகச் சாவது என்றேன். அதுவும் இயல்பான காரியம். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் கரைவது, கருவில் நம் விரல்களுக்கு இடையே இருந்த சவ்வு மறைவது எல்லாம் செல்கள் கட்டளைப்படி சாவதால்தான். பெரியவர் ஒருவர் உடம்பில் நாள் ஒன்றுக்கு 5,000 கோடிக்குக் குறையாமல் செல்கள் இப்படிச் சத்தமில்லாமல் போகின்றன. நாள்பட்டு வளரும் ஒரு வகை நிணநீர்ச் சுரப்பிப் புற்றில் செல் வேகமாகப் பெருகுவதே இல்லை. சாக மறுக்கிறது, அவ்வளவுதான். சாவதைத் தடுக்கும் புரதத்தின் மரபணு இடம்மாறி, எப்போதும் இயங்கும் இன்னொரு மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவது அதற்குக் காரணம்.

சாவாமை பற்றிப் பேசினால் ஹென்ரியட்டா லாக்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த 30 வயதுக் கறுப்பினப் பெண் அவர். கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த துண்டு, அவரிடம் கேட்காமலே, ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். ஹீலா என்ற பெயரில் அவருடைய செல்கள் இன்றுவரை உலகமெங்கும் பிரிந்துகொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியின் சோதனையே அவற்றில்தான் நடந்தது. நல்ல செல்லுக்கு இது முடியாது என்று 1961இல் லியோனார்டு ஹேஃப்லிக் காட்டினார். கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதச் செல்கள் 50 முறை அளவில் பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன. (அதற்கு முன் அரை நூற்றாண்டாக, கோழி இதயச் செல்கள் அழிவற்றவை என்று அலெக்சிஸ் காரெல் சொன்னதை எல்லோரும் வேதமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். நோபல் பரிசு வாங்கியவர் சொன்னால் சோதித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.) குரோமோசோம் நுனியில் டெலோமியர் என்ற வால் இருக்கிறது, ஒவ்வொரு பிரிவிலும் அது தேய்கிறது. தேய்ந்த வாலை மீண்டும் ஒட்டவைக்கும் டெலோமரேஸ் என்ற நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கேரல் கிரைடரும் 1984இல் கண்டார்கள். புற்றுகளில் பத்தில் எட்டு ஒன்பதில் அந்த நொதி விழித்திருக்கிறது. விந்தை உண்டாக்கும் செல்களிலும் குருத்தணுக்களிலும் அது இயல்பாகவே விழித்திருக்கிறது. இல்லையென்றால் தலைமுறைக்குத் தலைமுறை நம் வால் தேய்ந்து மனித இனமே முடிந்திருக்கும்.

ஹீலாவில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் செய்தி வேறொன்று. லாக்ஸின் கட்டிக்குக் காரணம் எச்.பி.வி. 18 என்ற வைரஸ். அதன் இ6 என்ற புரதம் பி53ஐ அழித்துவிடும். இ7 என்ற புரதம் ஆர்பியைக் கட்டிப்போடும். ஹீலா செல்லில் பி53 மரபணுவும் ஆர்பி மரபணுவும் கெடவே இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வாளர்கள் அந்த இரண்டு வைரஸ் புரதங்களையும் அடக்கிப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டாக நிற்காமல் ஓடிய செல்கள் நின்று, முதுமையடைந்து போயின. வாயில் துணி அடைத்துக் கட்டிப்போட்ட காவல்காரர்கள் அத்தனை வருடமும் உள்ளேயே உயிரோடு இருந்திருக்கிறார்கள். உலகிலேயே அதிகம் பேசப்பட்ட புற்றுச் செல்லின் அடியிலும் நல்ல செல் ஒன்று இருந்தது.

இனி சாப்பாட்டு விஷயம். இதில் வாட்ஸ்அப் புண்ணியத்தில் குழப்பம் மிகுதி. 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், கட்டித் துண்டுகள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குவதையும், பிராணவாயு தாராளமாக இருக்கும்போதே அதை முழுக்க எரிக்காமல் லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுவதையும் கண்டார். முழுக்க எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து 30 அளவில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு கிடைக்கும், இப்படிப் பாதியில் விட்டால் இரண்டுதான். செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதாவதே புற்றின் மூலகாரணம் என்று வார்பர்க் கடைசிவரை சாதித்தார். அது சரியில்லை, பெரும்பாலான புற்றுச் செல்களில் அந்த அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வீடு கட்டுபவர் மரத்தை எல்லாம் விறகாக்கிவிட மாட்டார் அல்லவா? பெருகும் செல்லுக்குக் குளுக்கோஸின் கரிமம் கட்டுமானப் பொருளாகவும் வேண்டும். கிருமியைக் கண்டு கொதித்தெழுந்து பெருகும் நம் டி வெள்ளையணுவும் இதே போலத்தான் குளுக்கோஸைத் தின்கிறது.

பெட் ஸ்கேன் இந்தப் பசியைத்தான் படம் பிடிக்கிறது. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்தினால், அதிகம் விழுங்கும் இடம் ஒளிரும். அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். மூளை பளிச்சென்று எரியும். இதயமும் பல சமயம் எரியும். நம் ஊரில் காசநோய் பிடித்த நிணநீர்க் கழலையும் புற்றுபோலவே ஒளிர்ந்து டாக்டர்களை ஏமாற்றும். கருவி காட்டுவது பசியை. பசிக்குச் சொந்தக்காரர் யார் என்பதற்குக் கடைசியில் ஊசியோ கத்தியோதான் வேண்டும். ‘சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும்’ என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சோற்றை நிறுத்தினாலும் ஈரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மெலிவது நோயாளிதான். கீமோ நடக்கும்போது எடை குறைந்தால் சிகிச்சையே தள்ளிப்போகும்.

எல்லாவற்றுக்கும் மூலம் டி.என்.ஏ.யில் இருப்பதால், அங்கேயாவது தெளிவான கோடு கிடைக்குமா? ஜெர்மானியரான தியோடர் போவேரி கடல் முள்ளெலியின் முட்டையில் இரண்டு விந்தணுக்களைப் புகவிட்டு, குரோமோசோம் பங்கீடு குளறுபடியாவதைப் பார்த்தார். 1914இலேயே புற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எழுதினார். ஹீலாவில் 46 இருக்க வேண்டிய குரோமோசோம்கள் 80ஐ நெருங்குகின்றன. 2010இல் ஒரு நுரையீரல் புற்றின் முழு டி.என்.ஏ.யையும் படித்தபோது 23 ஆயிரம் அளவில் பிறழ்வுகள் தென்பட்டன. சராசரியாக 15 சிகரெட்டுக்கு ஒரு பிறழ்வு என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். இவற்றைக் கேட்டால் கோடு தெளிவாக இருப்பதுபோல் தோன்றும்.

அந்தத் தெளிவு 2015இல் போயிற்று. கண்ணிமை அறுவையில் வெட்டி எறியும் தோலை வாங்கிப் படித்தார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களின், எந்த நோயும் இல்லாத தோல். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு செல்லில் புற்றை உந்தும் பிறழ்வு இருந்தது. 2018இல் நல்ல உணவுக்குழாயைப் பார்த்தபோது, ‘நாட்ச்1’ என்ற மரபணுவின் பிறழ்வு உணவுக்குழாய்ப் புற்றில் இருப்பதைவிட நல்ல திசுவில் அதிகமாக இருந்தது. பிறழ்வோடு வாழ்கிற, ஆனால் அடக்கமாக வேலை பார்க்கிற செல்கள் நம் எல்லோர் உடம்பிலும் திட்டுத்திட்டாக இருக்கின்றன. இந்த இரண்டு ஆய்வுகளும் கிடைக்க வேண்டிய கவனத்தைப் பொதுவாசகரிடம் பெறவில்லை என்பது என் ஆதங்கம்.

அப்படியானால் அடக்கி வைப்பது எது? அக்கம்பக்கம் என்கிறது இன்னொரு ஆய்வுப் பரம்பரை. 1975இல் பியாட்ரிஸ் மின்ட்ஸ், எலியின் புற்றுச் செல்களை எடுத்து இன்னோர் எலியின் இளங்கருவுக்குள் வைத்தார். கட்டி வரவில்லை, அந்தச் செல்கள் தோலும் ஈரலும் ரத்தமுமாகி, நல்ல எலி பிறந்தது. எல்லாப் புற்றுச் செல்லுக்கும் இது நடக்காது; நடந்த ஒன்றே போதும் யோசிக்க வைக்க. மீனா பிசெல், ரௌஸின் அதே வைரஸைக் கோழிக் கருவில் ஏற்றினார். கட்டி வரவில்லை. அதே செல்களைப் பிரித்துத் தட்டில் வைத்ததும் புற்றாக மாறின. வளர்ந்த கோழியின் ஓர் இறக்கையில் வைரஸை ஏற்றி, மறு இறக்கையில் காயம் செய்தால், காயத்திலும் கட்டி வந்தது. காயம் ஆறும்போது உடம்பு ‘பெருகு, நகர், புது ரத்தக்குழாய் போடு’ என்று செல்களுக்குச் சொல்கிறது. புற்று அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கிறது. ஹரால்டு ட்வோராக் 1986இல் கட்டிகளை ஆறாத புண்கள் என்று சொன்னது இதனால்தான். நம் ஊர் வாய்ப்புற்றைப் பற்றி, அவருக்கு முன்பே, புகையிலையை அடக்கிய கன்னத்தைப் பார்த்த எந்தக் கிராமத்து வைத்தியரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பரவுவதும் அப்படித்தான். அடிச்சவ்வைக் கரைத்துக்கொண்டு இன்னொரு திசுவுக்குள் புகுந்து, அதன் ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் திருப்பி, எதிர்ப்பு அணுக்களைச் சும்மா இருக்க வைப்பது யார்? பிள்ளைத்தாய்ச்சியின் நஞ்சுக்கொடிச் செல்கள். அவை கருப்பைச் சுவருக்குள் புகும் விதத்தையும் புற்று புகும் விதத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தால் உறவு தெரியும். எதிர்ப்பு அணுவைத் தடுக்கும் ‘பி.டி.-எல்1’ என்ற அடையாளச் சீட்டுகூட இரண்டிடமும் உண்டு. நஞ்சுக்கொடி ஓரளவு ஆழத்தில் நின்றுவிடும். பிள்ளை பிறந்ததும் வெளியேறிவிடும். எதிர்ப்பு அணுக்களுக்குப் போட்ட இத்தகைய தடைகளை விலக்கும் மருந்துகளுக்கு வழி திறந்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் டசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் கொடுத்தார்கள்.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பயாப்சிக்கே பயப்படுகிறவர்கள் நம்மிடையே இன்னும் ஏராளம். பரவுவது அவ்வளவு எளிதாக இருந்தால் மனித குலம் எப்போதோ முடிந்திருக்கும். செல் கூட்டத்திலிருந்து பிரிய வேண்டும், ரத்தத்தில் நுழைய வேண்டும், அந்த ஓட்டத்தில் நசுங்காமல் பிழைக்க வேண்டும், வேறோர் உறுப்பில் இறங்கி வேர்விட வேண்டும். ஐசேயா ஃபிட்லர் 1970இல் எலிகளின் ரத்தத்தில் அடையாளமிட்ட புற்றுச் செல்களை நேராகச் செலுத்திப் பார்த்தார். ஒரு நாளில் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இறங்கும் நிலமும் பொருந்த வேண்டும். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இலேயே, மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளை அலசி, அது ஈரலைத் தேடிப் போகிறது, மண்ணீரலை அவ்வளவாகத் தொடுவதில்லை என்று காட்டினார். விதை எங்கும் விழும்; ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். கத்தியின் மேல் பழி எப்படி வந்தது என்பதும் புரிகிறது. முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போவோம். திறந்து பார்த்தால் ஏற்கெனவே பரவியிருக்கும்.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் மருத்துவம் கடினமாக இருக்கிறது. ஒரு மருந்தை வைத்தே இதைச் சொல்லலாம். தெருநாய்களுக்கு இனச்சேர்க்கையால் தொற்றும் ஒரு கட்டி உண்டு. கால்நடை மருத்துவர்கள் டி.வி.டி. என்பார்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள்தாம் இன்றும் நாயிலிருந்து நாய்க்குத் தாவி வாழ்கின்றன. அதற்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் அதே மருந்துதான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளை அது உருவாக விடாது. ஆனால் இழை எல்லாச் செல்லுக்கும் ஒன்றுதான். முடி கொட்டுவது மயிர்க்காலும் பிரியும் செல் என்பதால்; விரல் மரத்துப்போவது நரம்பும் அதே இழையை நம்பி இருப்பதால்.

உண்மையிலேயே வேறான ஒன்று கிடைக்கும்போது கதை மாறுகிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் குட்டையான குரோமோசோம் ஒன்று இருப்பதை 1960இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். 9ஆவதும் 22ஆவதும் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973இல் ஜேனட் ரௌலி சொன்னார். இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்த ‘பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.’ புரதம் எந்த நல்ல செல்லிலும் இல்லாதது. அதைக் குறிவைத்த இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில வருடங்களில் இறந்துபோயிருக்கக்கூடியவர்கள் இன்று தினம் ஒரு மாத்திரையோடு பேரன் பேத்தி எடுக்கிறார்கள். அந்த மருந்தின் காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்குத்தான் வந்தது. 2006இல் அங்கே நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்குள் தொடர்ந்து தர முடிந்தது அதனால்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது. புரோமைலோசைட்டிக் என்ற கடும் ரத்தப் புற்றில் வெள்ளையணு பாதி முதிர்ச்சியில் உறைந்து நிற்கிறது. 1980களில் ஷாங்காயில் வாங் ஜென்யி, வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருளான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தார். செல்கள் முதிர்ந்தன, முதிர்ந்த வெள்ளையணு செய்வதைப்போல் வாழ்ந்து முடித்துச் செத்தன. ஆர்சனிக்கும் சேர்ந்த பிறகு அந்த நோயில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். பயாப்சித் தாளில் நாம் பார்த்த டிஃபரன்ஷியேஷன் என்ற சொல் இங்கே மருந்தாகவே ஆகிவிட்டது. மற்றப் புற்றுகளுக்கும் இப்படி முதிர வைக்கும் மருந்து தேடுகிறார்கள். இவ்வளவு சுத்தமான வெற்றி இதுவரை வேறெதிலும் அமையவில்லை.

இன்று எந்தப் புற்றுக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்யும் சோதனைகள் பெரும்பாலும் அந்த முதல் பயாப்சித் துண்டின் மேலேயே நடக்கின்றன. துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவிச் சாயம் ஏற்றுகிறார்கள். மிச்சமுள்ள மெழுகுக் கட்டி பல வருடம் கெடாது. நம்மவர்கள் இரண்டாவது கருத்துக் கேட்க வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே போனதும் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. ஆகவே ஒரு வேண்டுகோள்: பயாப்சி செய்த ஆய்வகத்தில் தாளோடு கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். ‘ஸ்லைடு, பிளாக்’ என்று கேட்டால் கொடுப்பார்கள்.